தணிக்கைக் குழுவுக்கு ஒரு வாத்து

ஓல்கெர்ட்: ...உள்ள படம் ஓடுறப்போ கதவுல காதை வைக்காதே, லுட்கா. திடீர்னு திறந்தா மூக்கு போயிடும்.

லுட்கா: உங்க படத்தை எடிட் பண்ணிக் கண்ணே போச்சு, டைரக்டரே. மூக்கு என்ன பெரிசு... உஷ்! வாத்து வந்துடுச்சு.

ஓல்கெர்ட்: கட்சிக்காரங்க மாதிரி தொப்பி போட்டு மேடையில பேசுதா?

லுட்கா: பேசுது.

ஓல்கெர்ட்: இப்ப பாரு, தணிக்கைக் குழு மொத்தமும் எகிறும். "வாத்தை வெட்டு!"ம்பாங்க. நான் தலையில அடிச்சுக்கிட்டு அழுவேன். அப்புறம் வெட்டிக் குடுப்பேன். வார்சாவுல எல்லா டைரக்டரும் பண்றதுதானே? வெட்டுறதுக்குன்னே ஒண்ணை வச்சா, மிச்சத்தை விட்டுடுவாங்க...

லுட்கா: டைரக்டரே.

ஓல்கெர்ட்: என்ன?

லுட்கா: சிரிக்கிறாங்க.

ஓல்கெர்ட்: யாரு?

லுட்கா: எல்லாரும். தலைவர் இருமி இருமிச் சிரிக்கிறார்.

ஓல்கெர்ட்: ஐயோ! பாழாப்போன வாத்து... பிடிச்சுப் போச்சுன்னா அதை வெட்ட மாட்டாங்களே! வேற எதையாவது தேடுவாங்களே!

லுட்கா: டீயைக் கீழ வைங்க. சட்டையெல்லாம் கொட்டுது.

ஓல்கெர்ட்: டம்ளர்ல ஓட்டை... லுட்கா, ஒண்ணு சொன்னா திட்டக்கூடாது. அந்தப் பூட்ஸ் காட்சி...

லுட்கா: ஆளில்லாத பூட்ஸெல்லாம் வரிசையாக் கடலுக்கு நடந்து போறது.

ஓல்கெர்ட்: அதான். எழுபதாம் வருஷம் டிசம்பர்ல க்டீனியா துறைமுகத்துல வேலைக்குப் போனவங்களை ராணுவத்தை விட்டுச் சுட்டாங்களே... எந்த மடையனுக்கும் ஞாபகம் வந்துடும். "வெறும் கனவு, அர்த்தமே இல்ல"ன்னு சொல்லித்தான் இதுவரைக்கும் எல்லாப் படத்துலயும் தப்பிச்சேன். இதுல முடியாது. அதனால... நேத்து நீ சூப்பு குடிக்கப் போனப்போ... வெட்டிட்டேன்.

லுட்கா: தெரியும்.

ஓல்கெர்ட்: நான் கோழைதான், ஒத்துக்கிறேன். ஆனா ஜெயில்ல...

லுட்கா: காலையில ஒட்டிட்டேன்.

ஓல்கெர்ட்: எதை?

லுட்கா: நீங்க வெட்டினதை. அதே இடத்துல.

ஓல்கெர்ட்: அடிப்பாவி! உன்னையும் சேர்த்து உள்ள தள்ளுவாங்களே! ஓடு, ஆபரேட்டர்கிட்ட ரீல் அறுந்துடுச்சுன்னு சொல்லு...

லுட்கா: உஷ்... பூட்ஸ் காட்சி வந்துடுச்சு. கடல் சத்தம் கேக்குதா?

ஓல்கெர்ட்: ...கேக்குது.

லுட்கா: யாரும் சிரிக்கல.

ஓல்கெர்ட்: இருமல்கூட இல்ல... படத்தோட சத்தமும் நின்னுடுச்சு. யாரோ வர்றாங்க. நீ வாயே திறக்காதே, நான் பேசிக்கிறேன்.

காரியதரிசி: தோழர் டைரக்டர், தலைவர் படத்தை நிறுத்தச் சொல்லிட்டார். அந்தப் பூட்ஸெல்லாம் யாரோடதுன்னு கேக்குறார்.

ஓல்கெர்ட்: என்னோடது, தோழரே.

காரியதரிசி: அத்தனை ஜோடியுமா?

ஓல்கெர்ட்: எனக்குக் கால் ஜாஸ்தி... எடிட்டருக்கு இதுல சம்பந்தமே இல்ல. அவங்க அந்தக் காட்சியே வேண்டாம்னுதான் சொன்னாங்க.

காரியதரிசி: முன்னால போற ஜோடி? ஒரு காலுக்கு மட்டும் சிவப்பு நூல் கட்டியிருக்கே?

ஓல்கெர்ட்: அது... அதுவும்...

லுட்கா: போதும், டைரக்டரே. நான் கடையில வாங்கினேன்னு உங்ககிட்ட சொன்னது பொய். தோழரே, அந்த ஜோடி என் தம்பி விட்டெக்கோடது. அந்த டிசம்பர்ல துறைமுகத்துக்குக் காலை ஷிஃப்டுக்குப் போனான். அம்மா போய் அழுதும் உடம்பைத் தரல. இதை மட்டும்தான் காகிதத்துல சுத்திக் குடுத்தாங்க.