கருப்பசாமியின் மூன்று ரிப்போர்ட்

டெல்லி கிட்வாய் நகர்த் தமிழர்களில் பாதிப் பேருக்கு நான் ரிப்போர்ட் வாங்கித் தந்திருக்கிறேன். ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் எனக்கு வேலை. சீட்டை என்னிடம் கொடுத்துவிட்டால் வரிசையில் நின்று இந்தியில் திட்டு வாங்க வேண்டாம். சாயங்காலம் வீட்டுக்கே போய்த் தமிழில் விளக்கிச் சொல்லுவேன். ஒரு டம்ளர் காபிக்கு மேல் எதுவும் வாங்கியதில்லை. இதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

2006 மார்ச்சில் கருப்பசாமி சீட்டைக் கொடுத்தார். மத்திய அரசு கிளார்க், ஈரோட்டுக்காரர். மூன்று மாதமாக வயிற்றெரிச்சல். வாய்வழியே குழாய் விட்டுச் சதைத் துணுக்கு எடுத்திருந்தார்கள். "உங்களாட்டம் படிச்சவங்க இருக்கறப்ப நான் எதுக்குங்க லைன்ல நிக்கோணும்?" என்றார். ரிப்போர்ட்டில் இரைப்பைப் புற்றுநோய் என்றிருந்தது. ஆரம்ப நிலை. வெட்டியெடுத்தால் பிழைத்துக்கொள்வார்.

வெறும் புண்தான் என்று சொன்னேன்.

அவசரப்படாதீர்கள், காரணம் இருக்கிறது. என் ஆராய்ச்சி மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றியது. செல்லுக்குள் இருக்கும் பொடித் துணுக்கு. தானாக ஒரு புரதமும் செய்யாது. புரதம் செய்யச் சொல்லி மரபணு அனுப்பும் செய்தியை வழியிலேயே மடக்கிவிடும். அமைச்சகத்தில் ஃபைலை அமுக்கி வைக்கிற ஆபீசர் மாதிரி. புற்றைத் தடுக்கும் செய்தி மடங்கினால் புற்று வளரும். எந்தக் கட்டத்தில் எந்தத் துணுக்கு கூடுகிறது என்பதுதான் கேள்வி. என் சகாக்கள் வேறு வேறு ஆட்களின் வயிற்றை அடுக்கிவைத்து இதுதான் வளர்ச்சி என்று கோடு போட்டார்கள். அபத்தம். ஒரே வயிற்றை மூன்று கட்டத்திலும் பார்க்க வேண்டாமா?

எட்டு மாதம் கழித்து, புண் ஆறியதா பார்க்கலாம் என்று நானே மறுபடி குழாய் விட ஏற்பாடு செய்தேன். பழைய ரிப்போர்ட்டைக் கேட்ட சின்ன டாக்டரிடம், வேறு ஆஸ்பத்திரியில் சிகிச்சை நடக்கிறது என்றேன். வெளியே எண்பது பேர் காத்திருந்தார்கள், அவர் நம்பிவிட்டார். அடுத்த வருஷம் மூன்றாவது ரிப்போர்ட்டுக்குப் பிறகு வீட்டுக்குப் போனபோது கருப்பசாமிக்கு இட்லியே இறங்கவில்லை. அவர் மனைவி அருக்காணி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கேன்சர் கீன்சரா இருக்குமோன்னு பயமா இருக்குதுங்க சார்" என்றார். கண்டதையும் யோசிக்காமல் காரத்தைக் குறையுங்கள் என்றேன். அந்தம்மா வீட்டில் மிளகாயையே நிறுத்திவிட்டார். எனக்கே கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

கருப்பசாமியின் கோடு அழகாக வந்தது. மூன்று புள்ளி, சீரான ஏற்றம். 2008 ஜனவரியில் அவர் போனார். ஏப்ரலில் கட்டுரை வந்தது.

மூன்று ரிப்போர்ட்டும் என் டிராயரில் இருந்ததை ஒப்புக்கொள்கிறேன். கிழித்துப் போடவில்லை, அதையும் கவனியுங்கள். நான் யாருக்கும் விஷம் வைக்கவில்லை. ஒரு செய்தி போய்ச் சேராமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

துக்கம் விசாரிக்கப் போனபோது, உங்கள் வீட்டுக்காரர் ஆராய்ச்சிக்குப் பெரிய உதவி செய்தார் என்றேன். அவர் பேர் அச்சில் வருமா என்று அருக்காணி கேட்டார். வராதும்மா, ஏழாம் எண் நோயாளி என்றுதான் போடுவோம் என்றேன்.

மற்ற ஆறு பேர் யார் என்று கேட்கிறீர்கள். மன்னிக்க வேண்டும். நோயாளிகளின் பேரை வெளியில் சொல்லக்கூடாது. அந்த விஷயத்தில் நான் ரொம்பக் கண்டிப்பு.