பூஜைக்கு நிறுத்திய வண்டி

காரைப் பூட்டிய பிறகு கைப்பிடியை ஒருமுறை இழுத்துப் பார்ப்பவர்கள் இந்த ஊரில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இருக்கமாட்டார்கள். நடந்துகொண்டே ரிமோட்டை அமுக்குவார்கள், ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்கும், பூட்டியாயிற்று என்று போய்விடுவார்கள். அல்சூர் ஏரிக்கரைக்குக் காலை நடைக்கு வருகிறவர்களின் கார்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஒவ்வொன்றாக இழுத்துப் பார்த்தேன். பதினெட்டில் மூன்று திறந்திருந்தன. ஒன்றில் சாவியே தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றையும் ஒழுங்காகச் சாத்திவிட்டு வந்தேன். யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

இன்ஸ்பெக்டர் ஐயா, இன்று காலை நானாக ஸ்டேஷனுக்கு வந்து நாலு வெள்ளைத் தாள் கேட்டபோது, இன்சூரன்ஸுக்கு ஏதோ மனு எழுதப்போகிறேன் என்று நீங்கள் நினைத்தீர்கள். டீகூட வரவழைத்தீர்கள். எனக்குக் கன்னடம் பேசத்தான் வரும், எழுத வராது. உங்கள் ரைட்டர் எரிக் கே.ஜி.எஃப்.காரர், தமிழ் படிப்பார். அவர் படித்துச் சொல்லட்டும். அவசரமில்லை.

என் பெயர் அப்பாதுரை, வயது அறுபத்தொன்று, மர்பி டவுனில் சொந்த வீடு. ஒரு தொழிற்சாலையில் வண்டி ஓட்டி, கடைசி ஆறு வருடம் புது டிரைவர்களுக்குப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு பழைய பெட்ரோல் கார் ஒன்று வாங்கினேன். பேத்தி வீணாவைப் பள்ளிக்கூடத்தில் விட்டு அழைத்துவருவதுதான் அதன் வேலை, என் வேலையும் அதுதான். அவளுக்கு ஏழு வயது. அவளுடைய அப்பா கவினுக்கு ஓசூரில் ஷிப்ட் வேலை, அம்மா ரக்ஷிதா, அதாவது என் மகள், எட்டு மணிக்கு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவள். ஆகவே பள்ளிக்கூடம் போகும் அந்த இருபத்தைந்து நிமிடம் வீணா என்னுடையவள்.

வண்டியை எடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. முதலில் ஒரு சுற்று வந்து டயர்களைப் பார்க்கவேண்டும். குனிந்து அடியில் எண்ணெய் சொட்டியிருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பானெட்டை இரண்டு தட்டுத் தட்டவேண்டும், பூனை படுத்திருந்தால் இறங்கிப் போய்விடும். ஏறி உட்கார்ந்து, கதவு சாத்தி, பெல்ட் போட்டு, பிள்ளை பெல்ட் போட்டிருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்து, கண்ணாடிகளைச் சரிசெய்யவேண்டும். ஹேண்ட் பிரேக் இழுத்திருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று குச்சியை இடமும் வலமும் ஆட்டிப் பார்க்கவேண்டும். அதன் பிறகும் கிளட்சை முழுசாக மிதித்துத்தான் சாவியைத் திருகவேண்டும், இல்லாவிட்டால் கியரில் இருக்கும் வண்டி முன்னால் பாய்ந்துவிடும். கிளட்ச் மிதிக்காவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாத வண்டிகள் இப்போது வந்துவிட்டன. என் வண்டி அப்படியில்லை, மனிதரை நம்புகிற காலத்து வண்டி.

இதற்கெல்லாம் பன்னிரண்டு நிமிடம் ஆகும். வீட்டில் இதை ஒரு வேடிக்கையாக ஆக்கியவன் முனிகிருஷ்ணன்.

முனி என் மனைவி சரசுவின் தம்பி. லிஃப்ட் மெக்கானிக், நாற்பத்திரண்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டில் குடியிருந்தான். கெட்டவன் என்று ஒருக்காலும் சொல்லமாட்டேன். அவன் வீட்டுக்குள் நுழைந்தாலே எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிடும். எனக்கே சில சமயம் சிரிப்பு வந்திருக்கிறது.

"இன்னா மாமா, கார எடுக்கிறியா, இல்ல அதுக்கு ஆபரேசன் பண்றியா? நீ சுத்தி முடிக்கறதுக்குள்ள புள்ள எட்டாங்கிளாஸ் போயிடும்" என்பான். வீணா விழுந்து விழுந்து சிரிப்பாள். எதைச் சொன்னாலும் "பிடு மாமா" என்பான். கன்னடத்தில் விடு என்று அர்த்தம். ஹேண்ட் பிரேக்கா, பிடு மாமா. பெல்ட்டா, பிடு மாமா. வெளியே நின்றபடியே ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகுவான். என் பிழைப்பு முழுவதையும் அந்த ஒரு வார்த்தையில் தள்ளிவிட்டுப் போனான்.

செப்டம்பரில் ஒருநாள் எனக்குக் காய்ச்சல். வீணாவை அழைத்துவர அவன் போனான். வரும் வழியில் சிவாஜிநகரில் நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, பிள்ளையைப் பின்சீட்டில் உட்கார வைத்துவிட்டு, கபாப் வாங்கப் போயிருக்கிறான். கதவு பூட்டவில்லை. சாவி வண்டியில். அந்தக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் ஏறி உட்கார்ந்து பிள்ளையோடு வண்டியை ஓட்டிக்கொண்டு போயிருக்கலாம். ஒன்றும் ஆகவில்லை. வீணாவே என் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, கையெல்லாம் மசாலாவோடு, சந்தோஷமாக இதைச் சொன்னாள்.

நான் சத்தம் போடவில்லை. என் சுபாவம் அப்படி இல்லை. சாயந்திரம் எல்லாரும் இருக்கும்போது விஷயத்தைச் சொன்னேன். சரசு, "அதான் ஒண்ணும் ஆவலியே, வுடுங்க" என்றாள். ரக்ஷிதா, "அப்பா, ஒண்ணு சொன்னா கோச்சிக்கக் கூடாது" என்று ஆரம்பித்தாள். பள்ளிக்கூட டைரியை எடுத்துவந்தாள். அந்த மாதம் ஆறு நாள் லேட் என்று சிவப்பு மையில் எழுதியிருந்தார்கள். "தசரா லீவு முடிஞ்சதும் முனி மாமாவே விட்டுட்டு வரட்டும். அவளும் அதான் கேக்கறா. உங்களுக்கும் ரெஸ்டு."

"நீயா கேட்ட?" என்று வீணாவிடம் கேட்டேன்.

"முனி மாமா கூட போனா ஜாலியா இருக்கு தாத்தா. சீக்கிரமும் போயிடலாம்" என்றாள்.

எனக்கு வலித்தது. அதை மறைக்கப் போவதில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆனால் ஐயா, அடுத்து நான் செய்ததற்கும் இந்த அழுகைக்கும் சம்பந்தமில்லை. நான் யோசித்தது பிள்ளையின் பாதுகாப்பை மட்டும்தான். ஒருமுறை கதவைத் திறந்து போட்டவன் மறுமுறையும் போடுவான். ஆபத்து வந்தபின் அழுவதைவிட முன்பே அதை அப்புறப்படுத்துவதுதான் முறை. என்னிடம் படித்த டிரைவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

ஆயுத பூஜைக்கு எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு, சரசுவின் பிறந்த வீட்டு வழக்கம். பூசணிக்காய் உடைத்துத் திருஷ்டி கழிக்கும்வரை வண்டி சீட்டில் யாரும் உட்காரக் கூடாது. ஆனால் உடைக்கும்போது என்ஜின் சத்தம் கேட்கவேண்டும். ஆகவே ஒருத்தர் வெளியே நின்று ஜன்னல் வழியாகக் கையை விட்டுச் சாவியைத் திருகுவார். தாய்மாமன் வண்டிக்கு முன்னால் நின்று பூசணிக்காயைச் சுற்றி உடைப்பான். பிறகுதான் நான் ஏறி எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு ஓரடி நகர்த்துவேன். பாதுகாப்பு என்று பார்த்தால் இதைவிட மோசமான வழக்கம் கிடையாது. பிரேக்கில் கால் வைக்க ஆளே இல்லாமல் ஓர் என்ஜினை உயிர்ப்பிக்கிறோம். அதனால்தான் ஒவ்வொரு வருடமும் நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கைக் கடைசிவரை இழுத்து, சக்கரத்துக்கு முன்னால் கல் வைத்துவிட்டு, எல்லாம் சரி என்று தலையாட்டுவேன். அவர்கள் அந்தத் தலையாட்டலைத்தான் பார்ப்பார்கள். உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. வேறு யார் நிறுத்திய வண்டி என்றாலும் ஒருமுறை பார்த்திருப்பார்கள்.

இந்த வருடம் காலை ஆறு மணிக்கே வண்டியைக் கழுவினேன். எங்கள் சந்து சரிவு, அதன் முடிவில் பழைய கல் சுவர். வழக்கமாக முகப்பு சுவரைப் பார்த்தபடி எட்டடி தள்ளி நிறுத்துவேன். அன்று நாலடியில் நிறுத்தினேன். அந்த இடத்தில் நிழல் இருந்தது. வழக்கமாக வீலை இடப்பக்கம் ஒடித்து வைப்பேன், தப்பித்தவறி உருண்டாலும் நடைபாதைக் கல்லில் முட்டி நின்றுவிடும். அன்று நேராக வைத்தேன். எலுமிச்சம்பழம் நேராக நசுங்கினால்தானே பார்க்க நன்றாக இருக்கும். கல்லுக்கும் எலுமிச்சம்பழத்துக்கும் ஒரே இடத்தில் இடம் போதவில்லை, கல்லை எடுத்து ஓரமாக வைத்தேன். முதல் கியரில் போட்டேன். முதல் கியரில் வண்டி அசையாமல் நிற்கும், அது உண்மைதான். அப்படி நிற்கும்போது ஹேண்ட் பிரேக் அநாவசியம் என்று அதை இறக்கிவிட்டேன். பிறகு சந்தனமும் குங்குமமும் வைத்தேன். பானெட்டைத் தட்டிப் பூனை இல்லை என்று பார்த்தேன்.

முனி புது வேட்டியில் வந்தான். பூசணிக்காயைத் தூக்கிப் பார்த்து, "மாமா, இத்த உடைக்கவே மனசு வரல, சாம்பாருக்கு ஆவும்" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவன் பக்கவாட்டில் நின்றுகொண்டான். சிவப்புக் குங்குமம் ஓரத்து நடைபாதைக் கல்லில் ஒட்டிக்கொண்டால் போகாது, நடு முன்னால் நின்று உடை என்று நான்தான் சொன்னேன். "சரி மாமா" என்று நகர்ந்தான். என் பேச்சை அவன் மறுபேச்சில்லாமல் கேட்டது அந்த ஒருமுறைதான்.

சரசு ஆரத்தித் தட்டோடு அவனருகில் நின்றாள். கற்பூரம் காற்றில் அணையும் என்று சொல்லி அவளை வாசற்படிக்கு வரச்சொன்னேன். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளைச் சந்தின் மேல்முனைக்கு அனுப்பினேன். வீணாவைத் தூக்கிக்கொண்டேன். எதிரில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்பதில் நான் எவ்வளவு கவனமாக இருந்தேன் என்பதை ரைட்டர் ஐயா குறித்துக்கொள்ளட்டும்.

சாவியை எப்போதும் சரசுதான் திருகுவாள். அன்று அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டு வருவதற்குள் முனி, "ரக்ஷி, நீ திருகும்மா" என்று கூப்பிட்டான். இது என் கணக்கில் இல்லை. அவளைத் தடுத்திருக்கலாம். தடுத்தால் காரணம் கேட்பார்கள். நான் வீணாவின் முகத்தை என் தோளில் அழுத்திக்கொண்டேன், காய் உடையும் சத்தத்துக்கு அவள் பயப்படுவாள். ரக்ஷிதா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன்.

வண்டி ஒரு குதி குதித்து என்ஜினும் பிடித்துக்கொண்டது. மிச்சத்தைச் சரிவு பார்த்துக்கொண்டது. முனி இடுப்புக்குக் கீழே சுவரோடு நசுங்கினான். பூசணிக்காய் உடையவில்லை, உருண்டு ஓரமாகப் போய் நின்றது. நான் குழந்தையைச் சரசுவிடம் கொடுத்துவிட்டு, கையை நீட்டிச் சாவியைத் திருகி என்ஜினை அணைத்தேன். பதறாமல் அதைச் செய்தவன் நான் ஒருவன்தான். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் அவன் இறந்துவிட்டான்.

இது நடந்து ஏழு வாரம் ஆகிறது. ரக்ஷிதா வேலைக்குப் போவதில்லை. சோற்றைப் பிசைந்து வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். தன் வலது கையைத் துணியில் சுற்றி மறைத்துக்கொள்கிறாள் என்று சரசு சொல்லி அழுகிறாள். ஒருநாள் என் பக்கத்தில் வந்து, "அப்பா, மாமாவ நாந்தான சாவடிச்சேன்?" என்று கேட்டாள். "நியூட்ரல் பாக்காம சாவியத் தொடாதேன்னு எத்தினி தடவ சொல்லியிருக்கேன்" என்றேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கடிந்து சொல்லவில்லை ஐயா, மெதுவாகத்தான் சொன்னேன். வீணா இப்போது பள்ளிக்கூட வேனில் போகிறாள். என்னோடு காரில் வா என்று கூப்பிட்டேன், அவள் அம்மாவின் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். பெரியவர்கள் அழுவதைப் பார்த்து மிரண்டிருக்கிறாள், சரியாகிவிடும்.

இதையெல்லாம் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். எனக்கு அவசியம் இருக்கவில்லை. நேற்று உங்கள் கான்ஸ்டபிள் வீட்டுக்கு வந்து ரிப்போர்ட்டின் நகலைக் கொடுத்துக் கையெழுத்துக் கேட்டார். எரிக்தான் போனில் வரிவரியாக அதைத் தமிழில் சொன்னார். விபத்து, யாருக்கும் உள்நோக்கம் இல்லை, நல்லது. நாலாவது பத்தியில், "வாகன உரிமையாளர் அப்பாதுரை ஹேண்ட் பிரேக் போட மறந்து, கியரைக் கவனிக்காமல், அஜாக்கிரதையாக வண்டியை நிறுத்தியிருந்த காரணத்தால்" என்று இருக்கிறது. நான் மூன்று முறை படிக்கச் சொல்லிக் கேட்டேன். ராத்திரி முழுக்கத் தூக்கம் வரவில்லை.

நான் எதையும் மறக்கவில்லை. கியரைப் போட்டது நான், பிரேக்கை இறக்கியது நான், கல்லை எடுத்தது நான், அவனை நடுவில் நிற்கச் சொன்னது நான். ஒவ்வொன்றையும் இரண்டு முறை சரிபார்த்தேன். இதற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் வாங்கிக்கொள்கிறேன். நாலாவது பத்தியில் அஜாக்கிரதை என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் தயவுசெய்து அடித்துவிடுங்கள், நாளைக்குப் பேத்தி படித்தால் தாத்தாவைப் பற்றி என்ன நினைப்பாள்.