மூலைத் தூண்

காலையில் அலுவலகத்தை முதலில் திறப்பவன் நான்தான். ஜன்னல்களைத் திறந்து, மேசையைத் துடைத்த பிறகுதான் நாற்காலியில் உட்காருவேன். இருபத்தாறு வருடமாக என் வரைபடம் ஒன்றுகூடத் திருத்தத்துக்குத் திரும்பி வந்ததில்லை.

நான் கட்டமைப்பு வடிவமைத்த செவிலியர் விடுதி ஐந்து மாடி. படிக்கட்டும் லிப்டும் ஒரு கோடியில், கனத்த சுவர்களோடு. மறுகோடி முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிகள் சேரும் இடத்தில் ஒரே ஒரு மெல்லிய மூலைத் தூண். "அங்கே சுவர் வேண்டாம், நான் பொறுப்பு" என்று கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னவன் நான்.

பிறகுதான் நில அதிர்வுக் கணக்கை ஓட்டினேன். நிலம் குலுங்கினால் கட்டடம் எந்தெந்த விதமாக ஆடும் என்று கணினி வரிசைப்படுத்தித் தரும். முதல் ஆட்டம் நேராக முன்னும் பின்னும் போனால் நல்லது. இது படிக்கட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு முறுக்கியது. அந்த வீச்செல்லாம் மூலைத் தூணின் தலையில் விடிந்தது. அங்கே வந்த சுமை அதன் பலத்தைப்போல் இரண்டு மடங்கு.

என் கணக்குகளைச் சரிபார்க்கும் வேலை, அதே அலுவலகத்தில் இருந்த என் மனைவியின் தங்கைக்கு. தாளோடு வந்து நின்றாள்.

"அத்தான், முதல் ஆட்டமே முறுக்குது. அந்த மூலைல ஒரு சுவர் குடுத்துடலாமே."

"மாடல்ல ஏதோ பிசகு. நான் பாத்துக்கிறேன்."

"பிசகுதானா?"

"சொல்றேன்ல."

பிசகு எதுவும் இல்லை. தளங்கள் முறுக்கித் திரும்பவே கூடாது என்று கணினிக்குச் சொல்ல ஒரு சின்னக் கட்டம் உண்டு. அதில் ஒரு டிக் போட்டேன். முறுக்கு மறைந்தது, தூணின் சுமை பாதிக்கும் கீழே இறங்கியது. புதுத் தாள்களைப் பார்த்து, "இப்ப சரியா இருக்கு அத்தான்" என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போட்டாள். சொன்ன சொல்லை நான் விழுங்க வேண்டியிருக்கவில்லை.

நான்கு வருடம் கழித்து, ஒரு மதியம், பதினோரு விநாடி நிலம் குலுங்கியது. பக்கத்துக் கட்டடங்களில் பூச்சுதான் உதிர்ந்தது. இரவு வேலை முடித்தவர்கள் விடுதியில் தூங்கிக்கொண்டிருந்தார்கள். செத்தது முப்பத்தெட்டுப் பேர்.

போய்ப் பார்த்தேன். படிக்கட்டுப் பக்கம் அப்படியே நின்றது. கண்ணாடிப் பக்கம் திரும்பியபடி உட்கார்ந்திருந்தது. திரையில் நான் பார்த்த அதே திருப்பம். கணக்கு அவ்வளவு துல்லியம்.

கையெழுத்து அவளுடையது என்பதால் அவளைப் பிடித்தீர்கள். ஏழு மாதமாக என் மனைவி வாரந்தோறும் சிறையில் இருக்கும் தங்கைக்குத் துணி துவைத்து எடுத்துப்போகிறாள். நான்தான் வண்டியில் கொண்டுபோய் விடுகிறேன்.

"உள்ள வரலியா? உங்களைத்தான் கேட்டுட்டே இருக்கா."

"நீ போய்ட்டு வா."

நான் வாய் திறக்கவில்லை. சரிபார்ப்பது அவள் வேலை. அவள் விடாமல் கேட்டிருக்கலாம்.

நேற்று உங்கள் விசாரணை அறிக்கை வந்தது. தலைமைப் பொறியாளரான எனக்குக் கணக்கின் முடிவுகளைப் படித்துப் புரிந்துகொள்ளத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அதனால்தான் நானாகவே வந்தேன். எனக்குப் புரிந்திருந்தது. எந்தத் தூண் முதலில் போகும், எந்தப் பக்கம் சாயும் என்பதுவரை புரிந்திருந்தது. அவளை விடுவதும் விடாததும் உங்கள் இஷ்டம். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள்.