மீன் வண்டியின் அடிச்சட்டம்

வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் பெயின்ட்டைத்தான் பார்ப்பார்கள். கதவைத் திறந்து மூடுவார்கள், சீட்டில் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடிப்பார்கள். குனிந்து அடியில் பார்க்கிறவரை நான் அபூர்வமாகத்தான் கண்டிருக்கிறேன். என் மாப்பிள்ளையும் பார்க்கவில்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன் ஐயா. பார்க்கத் தெரிந்த மாமனார் வீட்டிலேயே இருக்கும்போது அவர் எதற்குக் குனிய வேண்டும்?

அது துறைமுகத்தில் மீன் ஏற்றிக்கொண்டிருந்த பழைய பிக்கப். ஐஸ் உருகிய உப்புத்தண்ணீர் வருடக்கணக்காகப் பின்னால் மீன் ஏற்றும் தொட்டியிலிருந்து அடிச்சட்டத்தில் சொட்டியிருக்கிறது. மேலே நீலப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியதும் நான் சுத்தியலோடு அடியில் நுழைந்தேன். நல்ல இரும்பைத் தட்டினால் கணீரென்று பதில் சொல்லும். முன்பக்கம் சொன்னது. கேபினைத் தாண்டி, பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடத்துக்கு வந்ததும் சத்தம் செத்துவிட்டது. இன்னொரு தட்டு தட்டினேன். துரு ஏடு ஏடாக என் முகத்தில் உதிர்ந்தது. ஸ்குரூடிரைவரை வைத்து அழுத்தினேன். பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது.

"என்ன மாமா, தேறுமா?" என்று மாப்பிள்ளை வெளியே குத்தவைத்துக் கேட்டார்.

"தேத்திடலாம் மாப்பிள்ளை. நம்ம கையில வந்துருச்சுல்ல."

அது பொய் இல்லை. தேற்றக்கூடிய வண்டிதான். தொட்டியைக் கழற்றி இறக்கிவிட்டு, சட்டத்தை மட்டம் பார்த்து முட்டுக் கொடுக்க வேண்டும். உளுத்தது போய் நல்ல இரும்பு வரும்வரை வெட்ட வேண்டும். அதே கனத்தில் இரும்பு வைத்து, ஓரங்களைச் சாய்வாக வெட்டி வெல்டிங் அடிக்க வேண்டும். குறுக்கே நேர்கோடாக அடித்தால், பாரம் ஏறியதும் அந்தக் கோட்டை ஒட்டியே பிளந்துவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியும் என்பதற்காகச் சொல்கிறேன். தெரியாமல் செய்தேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அன்று மதியம் மகள் பட்டறைக்கே சாப்பாடு கொண்டுவந்தாள். டயரைக் கவிழ்த்துப் போட்டு மூவரும் உட்கார்ந்தோம். கல்யாணத்துக்குப் பிறகும் அவர்கள் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். அவளுடைய அம்மா போனபோது அவளுக்குச் சோற்றைப் பிசைந்து ஊட்ட வேண்டிய வயது. கிரீஸ் கறை போகாத இந்தக் கையால்தான் தலைபின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். கோணல்மாணலாகத்தான் இருக்கும். அவள் அப்படியே போவாள்.

"அப்பா, மலைக்கு அந்தப் பக்கம் மரக்கிடங்குல அவருக்கு வேலை கெடச்சிருக்கு. வண்டியோட வரச் சொல்றாங்க. வீடும் தர்றாங்களாம்."

"நீ?"

"நான் இல்லாம அவரு மட்டும் போயி என்ன பண்ணுவாரு? வெந்நி வைக்கக்கூடத் தெரியாது." சிரித்தாள்.

"நீங்களும் வந்துடுங்க மாமா," என்றார் அவர். "அங்க நல்ல வெல்டர் ஒருத்தர்கூட இல்லையாம்."

ஒப்புக்குக் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பட்டறையை யார் பார்ப்பது என்று சொன்னேன். குழம்பு நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன்.

எனக்குக் கோபம் வரவில்லை. கோபத்தில் கைநீட்டுகிற ஆள் நான் இல்லை, தெருவில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கை கழுவிவிட்டு மறுபடி வண்டிக்கடியில் படுத்தேன். படுத்தபடியே வெகுநேரம் அந்த ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதை நான்தான் சரிசெய்து, நானே என் மகளை அனுப்பிவைக்க வேண்டுமா என்று தோன்றியது. அவ்வளவுதான். வேறு எதுவும் தோன்றவில்லை.

தொட்டியைக் கழற்றவில்லை. உளுத்ததை வெட்டவில்லை. மெல்லிய தகரத்தை மேலே வைத்து, குறுக்கே நேர்கோடாக அடித்தேன். ஓட்டைகளில் பட்டி வைத்து, காய்ந்ததும் தேய்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்தேன். கூலிக்குச் செய்கிற வேலையில்கூட அவ்வளவு வழுவழுப்பாகத் தேய்த்ததில்லை. மாப்பிள்ளை எனக்காக விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். பொறி பறந்து அவர் கையில் பட்டது. "பாத்து மாப்பிள்ளை," என்று ஊதிவிட்டேன்.

பெயின்ட் அடிப்பதற்கு முன்னால், பக்கத்து லேத்துக்காரர் ஏதோ திருகாணி கேட்டு வந்தவர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, நேரா அடிச்சிருக்கீங்க?"

"இது சும்மா பிடிக்கிறதுக்கு. மேல பட்டை வரும்."

அவர் நம்பிப் போனார். என் வேலையை யாரும் சந்தேகப்பட்டதில்லை. மாப்பிள்ளையின் அம்மாகூட, இந்த ஓட்டை வண்டி வேண்டாம், வேறு பாருங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறார். என் மகள்தான், "எங்கப்பா கை வச்சா புது வண்டி மாதிரி ஆயிடும் அத்தை," என்று அவர் வாயை அடைத்தாள்.

நான் நினைத்தது இவ்வளவுதான். ஊருக்குள்ளேயே ஏதாவது பள்ளத்தில் இறங்கும்போது சட்டம் மடங்கும், வண்டி படுத்துவிடும், பயணம் நின்றுபோகும். கிடங்குக்காரர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார்கள். யாருக்கும் ஒன்றும் ஆகாது. இதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நீங்கள் காலையில் ஒரு கேள்வி கேட்டீர்கள். ஒன்றும் ஆகாது என்று நினைத்தவன் மகளை ஏன் அந்த வண்டியில் போகவிடவில்லை என்று. அப்போது நான் தண்ணீர் கேட்டேன். இப்போது சொல்கிறேன்.

சாமான் எல்லாம் ஏற்றியாகிவிட்டது. தன் அம்மாவின் இரும்பு அலமாரி வந்தே ஆக வேண்டும் என்று மகள் பிடிவாதம் பிடித்தாள். அடுத்த நடையில் கொண்டுபோகலாம் என்று மாப்பிள்ளை சொல்லிப் பார்த்தார். அவள் கேட்கவில்லை. அதையும் ஏற்றினார்கள், நானும் ஒரு கை கொடுத்தேன். அவள் கேபினில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தினாள். கதவு சாத்திய சத்தம் கேட்டதும், தலைசுற்றுகிறது என்று சொல்லித் தரையில் உட்கார்ந்தேன். அவள் பதறி இறங்கிவந்தாள்.

"நீங்க முன்னாடி போங்க. அப்பாவுக்குச் சரியானதும் நான் பஸ்ல வர்றேன்."

"மாமாவ நல்லா பாத்துக்கோ," என்றார் மாப்பிள்ளை. என் பக்கத்தில் வந்து குனிந்து, "மாத்திரை போட்டுட்டுப் படுங்க மாமா. போய்ச் சேந்ததும் போன் பண்றேன்," என்றார்.

எங்கள் ஊர்ச் சாலை பலகை மாதிரி இருக்கும் ஐயா. மடங்குவதற்கு அங்கே பள்ளமே கிடையாது. பாரத்தோடு மலையிறக்கத்தில் பிரேக் பிடித்தால் எடை முழுக்க எந்த இடத்துக்கு வரும் என்று எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்கச் சட்டம் ஒட்டியவனுக்கு அது தெரியாமல் இருக்குமா? அங்கேதான் ஒடிந்தது. தொட்டி சாலையிலேயே நின்றுவிட்டது. கேபின் மட்டும் கீழே போனது.

பழைய வண்டி, அளவுக்கு மீறிய பாரம் என்று நீங்களே வழக்கை முடித்துவிட்டீர்கள். மகள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். வீட்டுக்கு வந்ததும் என் மடியில் தலையை வைத்துக்கொண்டு, "என் அலமாரிதானப்பா அவரக் கொன்னுடுச்சு," என்றாள்.

இல்லை என்று நான் சொல்லியிருக்க வேண்டும். "நீ வேணும்னா செஞ்ச? விடும்மா," என்று முதுகைத் தடவிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு அவள் மாடிக்குப் போகவில்லை. கீழேயே படுத்தாள். காலையில் எனக்குக் காபி, மதியம் பட்டறைக்குச் சாப்பாடு, எல்லாம் பழையபடி நடந்தது. சொன்னால் தப்பாக நினைப்பீர்கள். அந்த நாட்களில் நான் வயிறாரச் சாப்பிட்டேன். அவள் எதிரே உட்கார்ந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நாளாக ஆகச் சரியாகிவிடும் என்று இருந்தேன்.

நடுவில் ஒருநாள், கிடங்கில் கொடுத்த வீட்டைக் காலிசெய்து கொடுப்பதற்காக நான் மலைக்கு அந்தப் பக்கம் போனேன். மாப்பிள்ளை முன்னமே போய் வெள்ளையடித்து வைத்திருந்தார். பின்பக்கம் ஒரு கொட்டகை. தகரம் புதிது. வெல்டிங் மெஷினுக்கென்று தனியாகக் கனமான மின்கம்பி இழுத்து, சுவிட்சும் போட்டிருந்தார். மாமனார் வரப்போகிறார், வந்தால் சும்மா உட்காரமாட்டார் என்று சொல்லிச் சொல்லி வேலை செய்தாராம். பக்கத்து வீட்டு அம்மா சொன்னார். நான் அந்த சுவிட்சைப் போட்டுப் பார்த்தேன். வேலை செய்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இந்தத் தடவை தலை உண்மையாகவே சுற்றியது.

அப்போதும் நான் உங்களிடம் வரவில்லை. நேற்று என் மகள் இங்கே ஸ்டேஷனுக்கு வந்து, புருஷனைக் கொன்றது நான்தான், என்னை உள்ளே வையுங்கள் என்று உங்களிடம் அழுதிருக்கிறாள். நீங்கள் டீ வாங்கிக் கொடுத்து வீட்டில் கொண்டுவந்து விட்டீர்கள். அதற்கு நன்றி. அவளை அப்படி விடக் கூடாது என்றுதான் காலையில் நானே வந்தேன். மாப்பிள்ளையைக் கொன்றது நான். அலமாரி இல்லை, துருவும் இல்லை. தெரிந்தே செய்தேன். அவளிடம் சொல்லிவிடுங்கள் என்று நான்தான் கேட்டுக்கொண்டேன், நீங்களும் கான்ஸ்டபிளை அனுப்பினீர்கள்.

அவர் வந்து சொன்னதை நானும் கேட்டேன். அவள் முழுவதையும் நின்றபடியே கேட்டாளாம். வீட்டைப் பூட்டிச் சாவியை லேத்துக்காரரிடம் கொடுத்துவிட்டு, அவளைப் பார்க்க வந்திருந்த மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாளாம். பெட்டியும் எடுத்துப் போயிருக்கிறாள். இருக்கட்டும். கோபம் இருக்கும்தானே. நான் கையெழுத்துப் போடுகிறேன், எங்கே என்று காட்டுங்கள். ஆனால் மதியச் சாப்பாடு எனக்கு இப்போது வேண்டாம் ஐயா, கொஞ்சம் பொறுத்துப் பார்க்கிறேன். அவள் கொண்டுவருவாள். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?