உச்சி வெயிலில் திறந்த வால்வு

பொண்ணு மாப்பிள்ளைய வாழ்த்தறேன்னு, பொறுமை, விட்டுக்கொடுத்தல்னு இவ்வளவு நேரம் பேசினேன். யாரும் கேக்கல. எல்லாரும் சாப்பாட்டுக் கூடத்தையே பாக்கறீங்க... எனக்கும் பசிதானுங்க! ஆனா மைக்கக் குடுக்கறதுக்கு முந்தி குட்டியா ஒரு கதை. ரசம் ஆறறதுக்குள்ள முடிச்சுடறேன்.

உடுமலைப் பக்கம் எனக்கொரு சிநேகிதர். பேரு சென்னியப்பன். மில்லுல சூப்பர்வைசர். தங்கமான மனுஷன். அவருக்கு ஒரே ஒரு பெருமை... மொட்டை மாடியில சோலார் வாட்டர் ஹீட்டர்! வீட்டுக்கு யார் போனாலும் காப்பி அப்புறம்தான், முதல்ல மாடிப்படி! "பாருங்க, பதினஞ்சு கண்ணாடிக் குழாய்! கரண்டும் இல்ல, கேசும் இல்ல!" நானே ஏழு தடவை ஏறி எறங்கியிருக்கேன். எனக்கு முட்டிவலி எங்கிருந்து வந்துச்சுங்கறீங்க?

போன சித்திரையில அவரு பொண்ணுக்குக் கல்யாணம் ஆச்சு. அடுத்த புதன்கிழமை மறுவீட்டு விருந்து. புது மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல்! மண்டபத்துலயே மாப்பிள்ளைகிட்டச் சொல்லிட்டாரு. "நம்மூட்ல விறகு, பொகையெல்லாம் கெடையாதுங்க மாப்ள. சூரிய பகவானே உங்களுக்குத் தண்ணி காய வெக்கறாரு!" இனி தண்ணி காயலேன்னா என்ன ஆகும்? மானம் போகுமா, போகாதா? போகும்!

இப்பக் கவனிங்க. முந்தின நாள் சாயங்காலம் சோலார் ரிப்பேர் பண்ற பிட்டர் வந்தாரு. உப்பு படிஞ்சு கெடந்த குழாயெல்லாம் கழுவி மாட்டி, டேங்குலருந்து குழாய்க்குத் தண்ணி எறங்கற வால்வ மூடிட்டுச் சொன்னாரு. "அண்ணா, மேல் டேங்க் ரொம்பினதும் வால்வத் தொறந்து விட்டுருங்க. ஒருவேளை மறந்துட்டா, நாளைக்கு வெயில் எறங்கற வரைக்கும் கையே வெக்காதீங்க. காலிக் குழாய் வெயில்ல கொதிச்சுக் கெடக்கும். பச்சத்தண்ணி பட்டா வெடிச்சுரும்." சென்னியப்பன் தலையாட்டினாரு. பக்கத்துல நின்ன அவரு சம்சாரம் தங்கமணியும் கேட்டுக்கிச்சு. தலையாட்டினவரு... மறந்துட்டாரு!

மறுநாள் மத்தியானம் பன்னெண்டு மணி. மாப்பிள்ளை உச்சந்தலையிலருந்து உள்ளங்கால் வரைக்கும் நல்லெண்ணெய். பாத்ரூம்ல ஸ்டூல் போட்டு உக்காந்து பைப்பத் திருகறாரு. என்ன வந்துச்சு? புஸ்ஸ்ஸ்... வெறும் காத்து!

"மாமா... தண்ணி வரலீங்களே!"

"வந்துருச்சு மாப்ள, வந்துருச்சு!" வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு மாடிக்கு ஒரே ஓட்டம். கோழிக் கொழம்பு கரண்டியோட பின்னாலயே தங்கமணி.

"ஏனுங்க, தொறக்காதீங்க! உச்சி வெயிலு! பிட்டர் அவ்வளவு சொன்னாரே! அடுப்புல ஒரு அண்டாத் தண்ணி வெச்சுக்கலாமுங்க!"

"நீ கம்முனு இரு! மாப்ள எண்ணெயோட உக்காந்திருக்காரு!"

தொறந்தாரு. ஒரு நொடி... ரெண்டு நொடி... படார்! சென்னியப்பன் முழிக்கறாரு. படார்! பட்... படபட... படார்! தங்கமணி மட்டும் பனியனப் புடிச்சுப் பின்னால இழுக்கலேன்னா, கண்ணாடிச் சில்லு அத்தனையும் மூஞ்சிலதான்! கீழிருந்து மாப்பிள்ளை குரல் குடுக்கறாரு. "மாமா... வெடியெல்லாம் எதுக்குங்க? எனக்கு இவ்வளவு செலவு பண்ணோணுமா?"

சிரிக்கறீங்க... சிரிங்க! பதினஞ்சுல பதினோரு குழாய் காலி. மாப்பிள்ளை துண்டக் கட்டிக்கிட்டு எண்ணெய் சொட்டச் சொட்ட மேல வந்துட்டாரு. பொண்ணும் வந்துருச்சு. "என்னாச்சுங்க மாமா?" மனுஷன் மூஞ்சி செவந்து, ஒதடு காஞ்சு நிக்கறாரு. தங்கமணி வாயில ஒரு வார்த்தை ரெடியா இருக்குது. என்ன வார்த்தை? "நான் அப்பவே சொன்னேன்!" இங்க எத்தனை பேரு வீட்ல அந்த வார்த்தை தெனமும் கேக்குது? கை தூக்க வேண்டாம்... பக்கத்துல ஆள் இருக்குது!

தங்கமணி சொல்லிச்சா? இல்லீங்க! "கண்ணாடி பழசுங்க மாப்ள. நீங்க கீழ போங்க, எண்ணெ கண்ணுல எறங்கும். இப்பத் தண்ணி காய வெச்சுத் தாறேன்." அவ்வளவுதான். குளியல் ஆச்சு. விருந்தும் ஆச்சு.

ஆகா, தங்கமணி பொறுமையில பூமாதேவின்னு நெனைக்கறீங்களா? அடப் போங்க! சாயங்காலம் மாப்பிள்ளை கார் தெருமுனை திரும்புச்சு. வெயில் எறங்குச்சு. கையில ஒரு டம்ளர் காப்பியக் குடுத்துச்சு. சென்னியப்பன் ரெண்டு வாய் குடிச்சாரு. அப்பத் தொறந்துச்சு பாருங்க தங்கமணி வாய! ஆறு மணியிலருந்து ஏழே கால் வரைக்கும்! கடைசியில சென்னியப்பன் சொன்னாராம், "தப்பு என்மேலதான் தங்கம்." இருபத்தாறு வருஷத்துல மொதல் தடவை! "ஏன், மத்தியானமே சொல்லியிருக்கலாமே?"ன்னாராம்.

"அப்ப நீங்களும் அந்தக் கொழாயாட்டந்தான் நின்னீங்க. மாப்ள முன்னால நான் ஒரு சொட்டு விட்டிருந்தாலும் உங்களையும் சேத்துக் கூட்டி அள்ளியிருக்கோணும்."

இத எங்கிட்டச் சொல்லும்போது மனுஷனுக்குக் கண்ணு கலங்கிருச்சுங்க. எனக்கும்தான்.

அம்மிணி... மாப்ளத் தம்பி... ஒரு நிமிஷம் இங்க பாருங்க. உங்க மாடியில சோலார் மாட்டினா, காலியாக் கெடக்கறப்ப வெயில்ல தண்ணி விடாதீங்க. சரி, வீட்டுக்குள்ள? உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் என்னைக்காவது உள்ள ஒண்ணுமில்லாமக் காஞ்சு, கொதிச்சு வந்து நிப்பீங்க. அன்னைக்கு மத்தவர் கையில நியாயம் இருக்கும். சில்லுன்னு, சுத்தமான நியாயம்! ஊத்திராதீங்க. சொல்லவே வேண்டாம்னா சொல்றேன்? சொல்லுங்க, ஒண்ணேகால் மணி நேரம் கூடச் சொல்லுங்க! ஆனா ஒரு வாய் காப்பியக் குடுத்து, கொஞ்சம் ஆற விட்டுட்டுச் சொல்லுங்க. சென்னியப்பன் மறு வாரமே பதினோரு குழாயும் கடையில வாங்கி மாட்டிட்டாரு. தங்கமணி அன்னைக்கு ஒடைக்காம விட்டது எந்தக் கடையிலயும் கெடைக்காதுங்க!