உப்புப் பாறையைக் காத்தவருக்கு

பனிமுடி சூடிய கொடுமுடிகளின் காவலரே! கொம்பின் வளையம் கண்டே கிடாவின் வயதைக் கணிக்கும் கூர்விழியரே! பனிமலை வரையாடுகளின் வாழ்வே தம் வாழ்வெனக் கொண்ட ஷம்பி பெக் அண்ணனே!

முப்பதாண்டு காலம் தாங்கள் ஆற்றிய காவற்பணியைப் போற்றி இம்மடலை எழுதுகிறோம். கோடையில் கிடாக்கள் தனியே உச்சிக்கு ஏறுவதையும், ஓநாய் கால்வைக்க முடியாத விளிம்பில் பெட்டைகள் குட்டி ஈனுவதையும் எங்களுக்குக் காட்டியவர் தாங்கள். பணம் கட்டி உரிமம் பெற்று வரும் வேட்டைக்காரர் கிழக் கிடாவை மட்டுமே, அதுவும் தம் காலால் ஏறிப்போய்ச் சுட வேண்டும் என்று ஊரை ஒப்ப வைத்தவரும் தாங்களே. பனி உருகியதும், ஆடுகள் நக்குவதற்காக உப்பு மூட்டையை முதுகில் சுமந்து பாறைக்குப் போவீர்கள். "அண்ணே, ஆட்டுக்குத் தாய்மாமனா நீங்க, சீர் சுமக்கிறீங்க?" என்று கேலி செய்வோம். "ஆமாண்டா, ஒங்களுக்குக் கொட்டுறதுக்கு அதுங்களுக்குக் கொட்டலாம்" என்பீர்கள்.

சென்ற நவம்பரில் மகளின் பேறுகாலத்துக்காகக் கில்கித் நகருக்குப் போயிருந்தீர்கள். வேட்டை உரிமத்தோடு வந்த விருந்தாளிக்கு மலையேற மூச்சு போதவில்லை. பனி வேறு கவிந்துகொண்டு வந்தது. நாங்கள் அவரைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய் உங்கள் உப்புப் பாறைக்கு எதிரே உட்கார வைத்தோம். கிடா இறங்கி வந்து, தலை குனிந்து நக்கிக்கொண்டிருந்தபோது அவர் சுட்டார். கிடா கிழக் கிடாதான், உரிமமும் சரிதான். எங்கள்மேல் வழக்கு ஏதும் இல்லை.

திரும்பி வந்து நீங்கள் கேட்டது ஒன்றுதான்: "உப்பத் திங்க வந்ததையாடா சுட்டீங்க?" அன்றுமுதல் எங்கள் அலுவலகத்தில் உப்பில்லாத தேநீர்தான் குடிக்கிறீர்கள். இந்த மலைநாட்டு உப்புத் தேநீரிலேயே வளர்ந்த எங்களுக்கு அதைப் பார்க்க வெட்கமாக இருக்கிறது, அண்ணா.

இந்த வசந்தத்தில் மூட்டையை நாங்கள் சுமந்தோம். மந்தை மேலேயே நின்றுவிட்டது. குட்டிகள் இறங்கப் பார்த்தன. கிழப் பெட்டை ஒன்று சீழ்க்கையடித்துத் தடுத்தது.

இந்த மடலை உங்கள் வீட்டுச் சுவரில் மாட்ட வேண்டாம். கண்ணாடிச் சட்டமிட்டு எங்கள் அலுவலகத்தில் நாங்களே மாட்டிக்கொள்கிறோம்.

நோய்நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள். அந்தப் பாறைக்கு ஒரு குட்டியாவது மறுபடி இறங்கி வரும்வரை கட்டாயம் வாழுங்கள். அன்றைக்கு ஓடிவந்து சொல்கிறோம்; அதன்பிறகு எங்கள் கையால் உப்புப் போட்ட தேநீர் குடியுங்கள்.

தலை குனிந்து,
நியாமத் கரீம், தௌலத் அமீன், குர்பான் ஷா
வரையாட்டுக் காவலர்கள்