கதிர் வராத இருபத்திரண்டு நாட்கள்

அளவு பிசகா அருங்கையர், அஞ்சாது மெய்யுரைக்கும் அண்ணல், இருபத்தாறு ஆண்டுகள் இவ்வாஸ்பத்திரியில் மருந்து கலந்து மக்கள் நோவு தணித்த மாண்பினர், கம்பவுண்டர் தாணுமாலையன் பிள்ளை அவர்கள் திருமுன் வணங்கி வைக்கும் மடல் இது. முகத்துக்கு நேரே புகழ்ந்தால் எழுந்து போய்விடுவார்; ஆகவே அவரை முன்னே உட்காரவைத்து, அவர் கதையை அவைக்குச் சொல்கிறோம்.

எலும்பு பார்க்க வந்த எக்ஸ்ரே கருவியின் கதிரை, விரல் மூட்டு வலிக்கு மருந்தாகவும் சிறுகச் சிறுகக் காட்டிப் பார்த்தார் எங்கள் டாக்டர் தானியேல். மேலப்பாளையத்து நெசவாளிகளும், கருப்பட்டி காய்ச்சும் உடன்குடிப் பெண்களும் கணு வீங்கிய விரல்களோடு வந்தார்கள். பலருக்கு வலி குறைந்தது. பிள்ளைக்கும் அதே நோவு. புட்டி மூடியைத் திறக்க நர்ஸ் ஞானசௌந்தரியை ரகசியமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர், சென்ற தைப்பூசம் கழிந்து தாமும் கையை நீட்டினார். மூடி திறந்தது. வேலை தப்பியது என்று மூச்சு விட்டார்.

கருவியில் கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழலைத் தினமும் சோதிப்பது அவர் பொறுப்பு. நோயாளிகள் வலி குறைந்தது என்றால் குழல் நன்றாயிருக்கிறது என்று பொருள் கொண்டு, சோதனையை விட்டுவிட்டார். அது அவர் செய்த தப்புதான்.

மாசியில் முறிந்த கையொன்றைப் படமெடுத்தபோது தகட்டில் ஒன்றுமே விழவில்லை. குழலில் விரிசல், கருவி மட்டும் வழக்கம்போல் இரைந்துகொண்டிருந்தது. தைப்பூசத்தன்று துடைக்கையில் குழல் மேசையில் இடித்தது அவருக்கு நினைவு வந்தது. கதிரால் வலி தீர்கிறது என்ற டாக்டரின் அறிக்கை அன்றுதான் சென்னைக்குப் போகவிருந்தது. வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரிந்திராது. பிள்ளை நேரே டாக்டரிடம் போனார்.

“அய்யா, குழலு செத்து இருபத்திரண்டு நாளாச்சு. அதுக்குப் பொறவு புதுசா வந்த பத்தொன்பது பேருல பதிமூணு பேருக்குக் கொறஞ்சிருக்கு. குழலு நல்லா இருந்தப்பவும் இதே கணக்குதான்; வலி கொறஞ்சது கதிரால இல்ல. அந்தப் பதிமூணுல நானும் ஒருத்தன்.”

டாக்டர் அறிக்கையை உறையிலிருந்து எடுத்து விரித்தார். பிறகு, “உம்ம பேரையும் சேத்து எழுதணுமா வே? கை சரியில்லாத கம்பவுண்டருன்னு மேலிடத்துக்குத் தெரிஞ்சிரும்” என்றார்.

“எழுதுங்க அய்யா. ஒண்ணை விட்டா எல்லாமே பொய்யாயிரும்.”

டாக்டர் எழுதினார். அன்று மாலையே பிள்ளையின் விரல்களில் பழைய வலி வந்துவிட்டது. அறிக்கையைப் படித்த மேலிடத்திலிருந்து ஓய்வு உத்தரவும் வந்தது. இரண்டாண்டு கழித்து நடக்க வேண்டிய இப்பிரிவுபசார விழா இன்று நடப்பது அதனால்தான். எங்களுக்கு இதில் வருத்தமே.

அன்பின் பெரியீர், ஆச்சியும் மக்களும் அருகிருக்க, நலம் குன்றாது நெடுநாள் வாழ்க.

ராட்சச வருஷம், பங்குனி.
இங்ஙனம்,
தாங்கள் விட்டுச்செல்லும் மருந்தறையின் ஊழியர்கள்.